எழுதியது மூன்று பேர்... மூவரும் ஃபெயில்! இங்கிலீஷ் பற்றி இதெல்லாம் தெரியுமா?

1913-ம் வருஷம். வெளிநாட்டுக்காரர்களின் இங்கிலீஷை எடைபோட கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒரு பரீட்சை வைத்தது. எவ்வளவு நேரம் தெரியுமா? மொத்தம் 12 மணி நேரம்! இங்கிலீஷிலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்க்க வேண்டும். அங்கிருந்து திரும்ப இங்கிலீஷுக்கும் கொண்டுவர வேண்டும். கூடவே இலக்கணக் கேள்விகள். இலக்கியம் தனி. இரண்டு மணி நேரம் கட்டுரை. ஒலியியலுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். இத்தனையும் முடித்து நிமிர்ந்தால் சொல்வதெழுதுதல், உரக்க வாசித்தல், உரையாடல்! கட்டணம் 3 பவுண்டு. எழுத வந்தவர்கள் மூன்றே மூன்று பேர். தேறியவர்கள்? ஒருவர்கூட இல்லை!

அந்தப் பரீட்சை உருமாறி இன்றைக்கும் நடக்கிறது. ஆக, 'நமக்கு இங்கிலீஷ் வரலையே' என்று நகம் கடிக்கிற பரம்பரைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்நியர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வித்தையில் பெரும்பங்கு லண்டனில் பிறக்கவே இல்லை. டோக்கியோவில், டாக்காவில், பெங்களூரில், ஏன், நம்ம எழும்பூரில்கூடப் பிறந்திருக்கிறது!

அதற்கு முன்னால் ஒரு கடலோடியைப் பார்த்துவிடுவோம். 1878-ல் இங்கிலாந்தின் லோவஸ்டாஃப்ட் துறைமுகத்தில் 20 வயதுப் போலந்து இளைஞர் ஒருவர் வந்து இறங்குகிறார். தாய்மொழி போலிஷ். சரளமாக வருவது பிரெஞ்சு. இங்கிலீஷோ ஏதோ நாலு வார்த்தை. வாத்தியார் கிடையாது; மாலுமிகளின் பேச்சும் செய்தித்தாளும்தான் பாடப்புத்தகம். எட்டே வருஷம்! 1886-ல் பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தலைமை தாங்குவதற்கான சான்றிதழை வாங்கிவிட்டார். 1895-ல் முதல் நாவல். அவர்தான் ஜோசப் கான்ராட்! இங்கிலீஷ் நாவலின் சிகரங்களைப் பட்டியல் போடுகிற எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் கடைசிவரை அவருடைய உச்சரிப்பு மாறவே இல்லை. வாயைத் திறந்தால் போலந்து வாடைதான். 'ஆக்ஸென்ட்டை மாற்றித் தருகிறோம்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கான்ராடுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ!

இப்போது உங்கள் புத்தக அலமாரிக்கு வாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்ற தடிமனான அகராதி அங்கே இருக்கலாம். அது பிறந்த ஊர் ஆக்ஸ்ஃபோர்டு என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை, டோக்கியோ!

1924-ல் ஏ.எஸ். ஹார்ன்பி என்ற இளைஞர் ஜப்பானுக்கு வேலைக்குப் போனார். இலக்கியம் நடத்தத்தான் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், மாணவர்கள் திணறுவது கவிதையில் அல்ல, ஒரு சாதாரண வாக்கியத்தை அமைப்பதில். டோக்கியோவில் ஹெரால்டு பால்மர் என்பவர் 1923-லேயே இங்கிலீஷ் கற்பித்தலுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தார். அந்தக் கூட்டத்தில் ஹார்ன்பியும் சேர்ந்துகொண்டார். அங்கே அவர்கள் கண்டுகொண்டது ஒரு பெரிய உண்மை. இங்கிலாந்துக்காரர் அகராதியைப் புரட்டுவது தெரியாத சொல்லுக்குப் பொருள் தேட. புதிதாகக் கற்கிறவருக்கோ, தெரிந்த சொல்தான் தலைவலி! 'சஜஸ்ட்' என்றால் என்னவென்று தெரியும். அதற்குப் பின்னால் 'டு' வருமா, 'தட்' வருமா? 'இன்ஃபர்மேஷன்' தெரியும், அதைப் பன்மையாக்கலாமா கூடாதா? இதையெல்லாம் அதுவரை எந்த அகராதியும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஹார்ன்பியும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இரு தோழர்களும் வருஷக்கணக்காக உட்கார்ந்து, வினைச்சொற்கள் எந்தெந்த அமைப்பில் வரும் என்று 25 வகையாகப் பிரித்து ஓர் அகராதியைத் தயாரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, 1941 டிசம்பரில், ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது. நேற்றுவரை 'சென்செய்', அதாவது வாத்தியார், என்று கைகூப்பப்பட்ட ஹார்ன்பி ஒரே இரவில் எதிரி நாட்டவர். காவலில் வைத்தார்கள். 1942-ல் கப்பலேற்றி நாட்டுக்கு அனுப்பினார்கள். அகராதி குப்பைக்குப் போயிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! அதே 1942-ல், ஜப்பானியப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் ஒன்றையொன்று கொன்று குவித்துக்கொண்டிருந்த வேளையில், கைத்தகுஷா என்ற டோக்கியோ பதிப்பகம் எதிரியின் மொழிக்கான அந்த அகராதியை அச்சடித்து வெளியிட்டது! போர் முடிந்ததும் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து மறுபடி போட, அப்புறம் நடந்ததெல்லாம் உலகறிந்த கதை. காசு குவிந்தபோது ஹார்ன்பி செய்ததும் சொல்லத்தக்கது. 1961-ல் ஓர் அறக்கட்டளை அமைத்து, வெளிநாட்டு இங்கிலீஷ் வாத்தியார்கள் மேலே படிக்க அந்த வருமானத்தைத் திருப்பிவிட்டார்.

டோக்கியோவில் இது நடந்துகொண்டிருக்க, டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வி அதிகாரி வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பத்து வருஷப் பாடத்திட்டத்தில் மூன்று வருஷம் படித்துவிட்டு நின்றவன் கையில் என்ன மிஞ்சும்? இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாதியில் ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கிற 'சரண்டர் வேல்யூ' போல, பாதியில் விட்ட இங்கிலீஷுக்கும் ஒரு மதிப்பு இருக்க வேண்டாமா என்று கேட்டார் அந்த மனிதர். சரியான கேள்வி! நம் பாடத்திட்டக் குழுக்கள் இன்றைக்கும் கேட்டுக்கொள்ள வேண்டியது. எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஏதாவது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று, அதிகம் புழங்கும் சொற்களைப் பொறுக்கியெடுத்துக் கதைப் புத்தகங்களைப் படிப்படியாக எழுதினார். 1935-ல் ஓர் அகராதியும் கொண்டுவந்தார். 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் பொருள் சொல்லும் அகராதி. அந்தப் பொருள் முழுவதையும் எழுத அவர் பயன்படுத்திய சொற்கள் எத்தனை? 1,490 மட்டும்!

அடேங்கப்பா என்கிறீர்களா? அதையும் மிஞ்சியவர் ஒருவர் அதற்கு முன்பே கிளம்பியிருந்தார். சி.கே. ஆக்டன். 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொற்களை ஒரே தாளில் அச்சடித்து, 'உலகத்துக்கு இது போதும்' என்றார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18! 1943-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக மேடையில் சர்ச்சிலே இதைத் தூக்கிப்பிடித்துப் பேசினார். என்னைக் கேட்டால், இது கெட்டிக்காரத்தனம் கூடிப்போய்க் கெட்ட கதை. அந்தப் பட்டியலில் 'ஆஸ்க்' கிடையாது. யாரிடமாவது ஒன்று கேட்க வேண்டுமென்றால் 'கேள்வியை முன்வைக்க' வேண்டும். சொல் குறைந்ததே தவிர தலைச்சுற்றல் குறையவில்லை. திட்டம் மெல்ல மங்கிவிட்டது. ஆனால் அதன் தம்பி பிழைத்துக்கொண்டான். 1959 அக்டோபர் 19-ல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒரு செய்தியறிக்கையை ஆரம்பித்தது. சுமார் 1,500 சொற்கள், குட்டி வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் காதில் இறங்குகிற மாதிரி! சிற்றலை வானொலியைத் திருகித் திருகி அதைக் கேட்டே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர்கள் ஆசியா, ஆப்பிரிக்கா முழுக்க இருந்தார்கள்.

அப்படியானால் உண்மையில் எத்தனை சொல் வேண்டும்? பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் 2006-ல் எண்ணிப் பார்த்தார். நாவலோ நாளிதழோ, 100 சொல்லில் 98 புரிய வேண்டுமானால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக்கு 6,000, 7,000 போதும். '30 நாளில் இங்கிலீஷ்' என்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இனி எழும்பூர். 1789-ல் இங்கே, ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த ஆதரவற்ற பையன்களுக்கான விடுதிப் பள்ளிக்கு டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். பையன்களுக்கு இங்கிலீஷ் எழுத்து ஏறவில்லை. வாத்தியார்களுக்கோ அக்கறை இல்லை. ஒருநாள் காலை குதிரையில் போய்க்கொண்டிருந்தவர் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். தரையில் வரிசையாகப் பிள்ளைகள். மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடமேதான்! காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பானால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பெல் பிடித்துக்கொண்டார். தன் பள்ளி வாத்தியார் 'இதெல்லாம் நடக்காது' என்று முரண்டு பிடிக்க, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, 'நீ இந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ மாதிரி ஏ, பி, சி சொல்லிக்கொடு' என்று உட்கார வைத்தார். பிய்த்து உதறிவிட்டான் ஃபிரிஸ்கன்! தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை பள்ளி முழுக்கப் பரவியது.

பெல் ஊர் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். அப்புறம் என்ன... 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள்! ஏழை இங்கிலீஷ் பிள்ளைகள் தங்கள் சொந்தத் தாய்மொழியின் எழுத்தை, தமிழ்ப் பிள்ளைகளைப் போல மணலில் விரல் வைத்துக் கற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு 1833-லிருந்து இன்றுவரை பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் காலேஜ்!

இன்னொரு பெல்லும் உண்டு. லண்டனில் சட்டம் படிக்கப் போன காந்தி, 'ஜென்டில்மேன்' ஆகிற ஆசையில் வயலினும் நடனமும் கற்கப் போனதோடு, மேடைப் பேச்சுக்கும் தனி வாத்தியார் வைத்துக்கொண்டார். வாங்கிய பாடப்புத்தகம் 'பெல்ஸ் ஸ்டாண்டர்டு எலொகியூஷனிஸ்ட்'. அதை எழுதியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் மெல்வில் பெல். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் அப்பா! காந்தி சீக்கிரமே அந்த வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

பாடப்புத்தகம் என்றதும் ரென் அண்டு மார்ட்டின் நினைவுக்கு வராத தலைமுறை எது? 1930-களில் வந்த அந்தச் சிவப்பு அட்டை இலக்கணத்தைப் பார்த்து நடுங்கிய எல்லோரும் கேளுங்கள். அந்த ரென், பாலைவனத்தில் பிரெஞ்சு அந்நியப் படையில் சேரும் மூன்று சகோதரர்களின் சாகசத்தை 'போ ஜெஸ்ட்' என்று 1924-ல் எழுதி, ஹாலிவுட்டே திரும்பத் திரும்பப் படமெடுத்த அதே பி.சி. ரென்! பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்த மனுஷர். சாகசக்காரர் எழுதிய இலக்கணத்தில் சாகசத்தைத்தான் காணோம்.

கும்பகோணத்துக்கு ஒரு நடை. அங்கே அரசுக் கல்லூரியில் படித்த வலங்கைமான்காரர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. இங்கிலீஷ் பேச்சுக்காகவே 'வெள்ளி நாக்கு' என்று பெயரெடுத்து, 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று இந்தியாவின் பிரதிநிதியாக வலம் வந்தவர். அதே கல்லூரிக்குப் பிற்பாடு வந்த இன்னொரு பையன் இங்கிலீஷ் கட்டுரைத் தாளில் தோற்று, கிடைத்துக்கொண்டிருந்த உதவித்தொகையைப் பறிகொடுத்தான். அவன் பெயர் சீனிவாச ராமானுஜன்!

அப்படியே கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். அங்கே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய செமினரி, அறிவியலையும் கணிதத்தையும் இங்கிலீஷில் நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டம் கொடுத்தபோது வாங்கியவர்கள் யார்? அந்தச் செமினரியில் படித்த இருவர், கரோல் விசுவநாத பிள்ளையும் சி.வை. தாமோதரம் பிள்ளையும்! பி.ஏ. வாங்கிய தாமோதரம் பிள்ளை அதற்கப்புறம் என்ன செய்தார் என்பது இன்னும் ருசி. கரையான் அரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பிடித்து, 1887-ல் கலித்தொகையை அச்சேற்றினார்.

யாழ்ப்பாணத்தை விடுவதற்கு முன்னால்... அந்த ஊர்க்காரர்கள் 'டிக்கெட்' என்று எழுத மாட்டார்கள், 'ரிக்கற்' என்பார்கள். 'டொரான்டோ' அங்கே 'ரொறன்ரோ'. நாம் சிரிக்கிறோம். ஆனால் நாக்குக் கணக்குப்படி அவர்கள்தான் இங்கிலீஷுக்கு அருகில்! இங்கிலீஷின் 't' ஒலிக்கு நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறு மேட்டைத் தொட வேண்டும். நம் 'ட' இன்னும் உள்ளே மடங்கி அண்ணத்தைத் தட்டுகிறது. பழைய தமிழின் 'ற்ற' ஒலிக்கு நாக்கு போகும் இடம் அதே ஈறு மேடுதான். தமிழ்நாட்டில் நாம் 'காத்து' என்று அதைக் கரைத்துவிட்டோம்; ஈழத்தார் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது. ஆகவே 't' சரியாக வரவேண்டும் என்கிறவர்கள் லண்டன் போக வேண்டாம், ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி 'காற்று' சொல்வதைக் கேட்டால் போதும்!

சென்னை வெயிலில் பனிப்பந்து உருண்ட கதை தெரியுமா? 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் மெட்ராஸ் மாநிலத்தில் ஆரம்ப வகுப்புகளுக்கு இங்கிலீஷ் நடத்தும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுப் பயிற்சி தர ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் இன்னும் பலருக்கு. அந்தப் பலர் மாவட்டம் மாவட்டமாகப் போய் மிச்சப் பேருக்கு. உலகக் கல்வி ஏடுகளில் அதற்குப் பெயர் 'மெட்ராஸ் ஸ்னோபால்'! வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கி, வகுப்பே ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லும் முறை. 'திஸ் இஸ் எ பென்... தட் இஸ் எ பென்' என்று நம் அப்பா அம்மாக்கள் ராகம் போட்டார்களே, அது!

இந்த ராகத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்த ஒருவர்தான் உலகத்தையே திருப்பிப் போட்டார். என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். பிள்ளைகள் வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், ஆனால் வாசலைத் தாண்டினால் வாய் திறப்பதில்லை. ஏன்? 1979-ல் பெங்களூரில் தொடங்கி, தென்னிந்தியாவின் சில சாதாரணப் பள்ளிகளில் ஐந்து வருஷம் ஒரு பரிசோதனை. இலக்கணப் பாடமே கிடையாது! வகுப்புக்குள் ஒரு ரயில் அட்டவணையைக் கொண்டுவந்து வைப்பார்கள். 'இந்த வண்டியைத் தவறவிட்டவர் மாலைக்குள் அந்த ஊருக்குப் போய்ச் சேர முடியுமா?' என்று இங்கிலீஷில் கேட்பார்கள். அல்லது ஒரு வரைபடம், ஒரு விலைப்பட்டியல். பிள்ளைகள் மண்டையைக் குடைந்துகொண்டு விடையைத் தேடுவார்கள். வாக்கியம் சரியா என்று யாரும் மார்க் போடவில்லை, விடை சரியா என்பதுதான் கேள்வி. மனம் கணக்கில் மூழ்கியிருக்க, மொழி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும் என்பது பிரபுவின் வாதம். வெளியாட்கள் வந்து சோதித்தார்கள்; பிள்ளைகள் சோடை போகவில்லை. 1987-ல் அதைப் புத்தகமாக எழுதினார். இன்று உலகமெங்கும் 'டாஸ்க் பேஸ்டு' கற்பித்தல் என்று பேசப்படுகிறதே, அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் தவறாமல் வந்து நிற்கும் இடம் பெங்களூர்தான்! இன்னொரு வேடிக்கை. இத்தனை செய்துவிட்டு, 1990-ல் இதே பிரபு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், 'ஆகச் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது'!

காதுக்கு வருவோம். ஆறு முதல் எட்டு மாத ஜப்பானியக் குழந்தைக்கு இங்கிலீஷின் 'ர'வும் 'ல'வும் வேறு வேறாகக் கேட்கும், அமெரிக்கக் குழந்தைக்குக் கேட்பது போலவே. முதல் பிறந்தநாள் வருவதற்குள் அந்தத் திறமை மங்கத் தொடங்கிவிடுகிறது! பட்ரீஷியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவின் கண்டுபிடிப்பு இது. இதே கூல் 2003-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை, குழந்தைக்கு முன்னால் இங்கிலீஷ் ரைம்ஸ் வீடியோவைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகும் பெற்றோர்கள் அறிய வேண்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீனமொழிக்காரர் நேரில் உட்கார்ந்து கொஞ்சி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகள் ஏறின. அதே ஆட்கள், அதே பேச்சு, டி.வி. திரையில் வந்தபோது எதுவுமே ஏறவில்லை!

பெரியவர்களுக்குக் கதவு சாத்தியாயிற்றா? இல்லை. 'ர', 'ல' பிரியாத ஜப்பானியப் பெரியவர்களுக்குப் பல பேர் குரலில் ஜோடிச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். சில வாரங்களில் காது பிரித்தறியத் தொடங்கியது. அதைவிட அதிசயம், பேசவே பயிற்சி தராதபோதும் அவர்களுடைய உச்சரிப்பும் தேறியது! நம் ஆட்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம் தலைவலி வேறு. தமிழில் 'பேக்' என்று எழுதினால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? மருந்து என்னவோ அதேதான்: ஒரே ஆளை அல்ல, பல குரல்களைக் கேட்பது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் இங்கிலீஷ் இலக்கண வினாவிடை ஆடிய சுமார் 6,70,000 பேரின் விடைகளை அலசியது. இலக்கணத்தைச் சுலபமாக உள்வாங்கும் திறன் சுமார் 17.4 வயதுவரை குறையாமல் இருக்கிறதாம். பிளஸ் டூ வரைக்கும்! அஞ்சு வயசோடு எல்லாம் முடிந்தது என்று மிரட்டுகிறவர்கள் கவனிக்க.

இனி வருவது உயிர்ப் பிரச்சினை. 1977 மார்ச் 27, தெனெரீஃப் தீவு விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையில் புறப்பட்டுவிட்ட டச்சு விமானத்திலிருந்து 'நாங்கள் டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் இங்கிலீஷில் ஒரு குரல். டச்சு மொழி வழக்கில் அது 'ஓடத் தொடங்கிவிட்டோம்' என்றாகும். கட்டுப்பாட்டு அறைக்கோ 'புறப்படும் இடத்தில் காத்திருக்கிறோம்' என்று கேட்டது. எதிரே இன்னொரு ஜம்போ. 583 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை விமானம் கிளம்ப அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் வாயில் எடுக்கக்கூடாது என்று விதி!

1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி வானம். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, எதிரே வந்த சவூதி விமானத்தில் மோதியது. 349 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விமானிகளுக்குப் போதிய இங்கிலீஷ் தெரியாததும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு விழித்துக்கொண்டது. இங்கிலீஷ் திறமைக்கு ஆறு படிகள் வகுத்து, 2008 மார்ச் முதல், சர்வதேச வானில் பறக்க நாலாவது படியாவது ஏறியிருக்க வேண்டும் என்றது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த அமைப்பு இங்கிலீஷ்காரர்களையும் விடவில்லை. 'உங்கள் ஊர் வழக்கையும் வேகத்தையும் குறைத்து, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள்' என்று அவர்களுக்கும் புத்தி சொல்கிறது!

வானொலியில் 'நைன்' என்பதை விமானிகள் 'நைனர்' என்பார்கள், 'ஃபைவ்' போலக் கேட்டுவிடாமலிருக்க. 'த்ரீ' அங்கே 'ட்ரீ'. ஏனென்றால் அந்த ஒலி உலகத்தில் பல பேர் நாக்குக்கு வராது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று 1956-ல் அமலான எழுத்து வரிசையில் 'ஆல்ஃபா'வுக்கு இங்கிலீஷ் வழக்கப்படி 'ph' போடாமல் 'f' போட்டார்கள், பிற மொழிக்காரர் தடுமாறாமலிருக்க. 'ஜூலியட்'டின் கடைசியில் இரண்டு 't'. ஒன்று போட்டால் பிரெஞ்சுக்காரர் அதை விழுங்கிவிடுவார்! இங்கிலீஷே கற்கிறவர்களுக்காக வளைந்து கொடுத்த இடம் வானம்தான். விமானம் பழுதுபார்க்கும் கையேடுகளும் அப்படித்தான். சுமார் 900 சொற்கள், கூடியவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று 1986-ல் வகுத்த எளிய இங்கிலீஷில்தான் அவை எழுதப்படுகின்றன.

வானத்தை இங்கிலீஷுக்காக நிறுத்திவைக்கும் நாடும் ஒன்று உண்டு! தென் கொரியா. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில் இங்கிலீஷ் காதால் கேட்டு எழுதும் பகுதி வரும்போது, நாடு முழுக்கச் சுமார் 35 நிமிஷம், அவசர விமானங்களைத் தவிர, எந்த விமானமும் ஏறாது, இறங்காது. வந்துவிட்ட விமானங்கள் உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று பங்குச் சந்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். லேட்டாகிப்போன பிள்ளைகளை போலீஸ்காரர்கள் பைக்கில் வைத்துக்கொண்டு பறப்பார்கள். பிள்ளைகள் நெஞ்சு படும் பாட்டை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010-ல் தலித் மக்கள் ஆங்கிலத் தேவிக்கே கோயில் எழுப்பத் தொடங்கினார்கள்! எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் முன்னின்று செய்த வேலை. சுதந்திர தேவி சாயலில் வெண்கலச் சிலை. ஒரு கையில் பேனா, மறு கையில் அரசியல் சாசனம், பீடமாக ஒரு கம்ப்யூட்டர். அனுமதி இல்லை என்று அதிகாரிகள் கட்டுமானத்தை நிறுத்திவிட்டார்கள். சமஸ்கிருதம் வாசல் சாத்திய இடத்தில் இங்கிலீஷ் கதவு திறந்தது என்பது பிரசாத்தின் கட்சி. இந்தியாவில் இங்கிலீஷ் கல்விக்கு வழிபோட்ட மெக்காலேயின் பிறந்தநாளான அக்டோபர் 25-ஐக்கூட அவர் கொண்டாடினார். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சிலைக்குப் பின்னாலிருக்கும் கோபம் நிஜம்.

கைக்காசு அதிகம் செலவாகாத அதிசயம் ஒன்று, ஃபிஜித் தீவில் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் எல்லி, மங்குபாய் என்ற இருவர், புத்தகம் அரிதான கிராமப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வண்ணப் படம் போட்ட, பிள்ளைகள் பிடுங்கிப் படிக்கிற புத்தகங்கள். எட்டே மாதத்தில், வாசித்துப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள்! படம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு சேதி. 2009-ல் டச்சுக்காரர்களிடம் ஒரு சோதனை. பழக்கமில்லாத ஸ்காட்டிஷ், ஆஸ்திரேலிய இங்கிலீஷ் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். கீழே இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடியவர்களுக்குக் காது பழகியது. டச்சு சப்டைட்டில் படித்தவர்களுக்கோ, புதிய பேச்சைக் கேட்டபோது இருந்ததும் குழம்பியது! ரிமோட் உங்கள் கையில்.

கடைசியாக ஒன்று. அமெரிக்க வெளியுறவுத் துறை, தன் தூதரக அலுவலர்கள் எந்த மொழியைக் கற்க எத்தனை நாளாகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஸ்பானிஷ் கற்கச் சுமார் 30 வாரம். தமிழ் எந்தப் பட்டியலில் தெரியுமா? கடினமான மொழிகளில்! 44 வாரம், 1,100 மணி நேர வகுப்பு. ஒரு வகுப்பில் சிலர்தான் இருப்பார்கள், காலையிலிருந்து சாயங்காலம்வரை வேறு வேலை கிடையாது. அதுவும் சம்பளத்தோடு!